நல்லதுக்குத்தான் சொல்றேன்: ரசிகர் புனைவும் விமர்சனமும்

ரசிகர் புனைவு உலகத்தில் ‘கான்கிரிட்’ என்றொரு சொல் புழங்குகிறது. வீடு கட்டுகிற கான்கிரீட் இல்லை. கன்ஸ்ட்ரக்டிவ் கிரிட்டிசிஸம் என்பதன் சுருக்கம். ஹாரி பாட்டர், ஸ்டார் ட்ரெக், ஷெர்லாக் ஹோம்ஸ் என்று தனக்குப் பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்துச் சொந்தமாகக் கதை எழுதி இணையத்தில் ஏற்றுகிறவர்கள், கதைக்கு மேலே ஒரு குறிப்புப் போடுவார்கள். ‘கான்கிரிட் வரவேற்கப்படுகிறது’ என்பது ஒரு வகை. ‘தயவுசெய்து கான்கிரிட் வேண்டாம்’ என்பது இன்னொரு வகை. குறிப்பே இல்லாவிட்டால் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று பலரும் ஏற்றுக்கொண்ட மரியாதை.

இதை ஒட்டி வருஷக்கணக்காக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்சி சொல்வது: ‘பொதுவுல வெச்சாச்சு, நாலு பேர் நாலு விதமாத்தான் சொல்வாங்க. குறை சொல்லாம எழுத்து எப்படி வளரும்? இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தோல் மெலிசு.’ மறு கட்சி சொல்வது: ‘காசா வாங்கினோம்? ஓய்வு நேரத்துல ஆசைக்கு எழுதுறோம். பிடிக்கலைன்னா படிக்காதீங்க.’ இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் தோல் தடிமனா மெலிசா என்பதில் போய் நின்றுவிட்டதால் சண்டை முன்னே நகர மாட்டேன் என்கிறது. ஒரு விமர்சனம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது, எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்று கேட்டால் கொஞ்சம் நகரும் என்று நினைக்கிறேன். அதற்கு 1973-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் பாலா ஸ்மித் என்கிற ஸ்டார் ட்ரெக் ரசிகை ‘மெனாஜரி’ என்ற ரசிகர் இதழில் ‘எ ட்ரெக்கீஸ் டேல்’ என்று ஒரு குட்டிக் கதை எழுதினார். நாயகி லெஃப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரை. விண்வெளிப் படையிலேயே ஆக இளைய அதிகாரி. கேப்டன் கிர்க் பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுகிறார். ஸ்பாக் அவளுடைய தர்க்கத்தை மெச்சுகிறார். கப்பலையும் அவளே நடத்துகிறாள், எல்லாரையும் அவளே காப்பாற்றுகிறாள், கடைசியில் எல்லாரும் சுற்றி நின்று அழ, அழகாகச் செத்தும் போகிறாள். ரசிகர் இதழ்களுக்கு அப்போது இந்த அச்சில் வார்த்த கதைகள் வந்துகொண்டே இருந்தன. ஸ்மித் எந்த ஒருவரின் கதையையும் பெயர் சொல்லி அடிக்கவில்லை. ஒரு பழக்கத்தைக் கிண்டல் பண்ணினார், அதையும் ஒரு கதையாகவே பண்ணினார். வாசித்தவர்கள் சிரித்தார்கள், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு நிமிஷம் நெளிந்திருப்பார்கள். விமர்சனம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டலாம், அவ்வளவு கச்சிதம்.

பிரச்சினை அதற்கப்புறம். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு பழக்கத்தின் பெயராக இருந்தது, போகப் போக வசவாக மாறியது. கமில் பேக்கன்-ஸ்மித், ஸ்டார் ட்ரெக் ரசிகைகளோடு பல வருஷம் பழகி எழுதிய ‘எண்டர்பிரைசிங் விமன்’ என்ற ஆய்வு நூல் 1992-ல் வந்தது. மேரி சூ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் தங்கள் கதைகளில் பெண் பாத்திரங்களை வைக்கவே தயங்கிய எழுத்தாளர்களை அதில் பார்க்கலாம். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள் எழுதி, பெண்கள் வாசித்த ஓர் உலகம் அது. அங்கே ஒரு பெண் சொன்ன நியாயமான கிண்டல், கடைசியில் பெண் பாத்திரங்களையே கதைக்கு வெளியே தள்ளியது. ‘பாத்திரத்தை ஒழுங்கா வார்த்து எடு’ என்று சொன்னது ‘பாத்திரமே வேண்டாம்’ என்று போய்ச் சேர்ந்தது. எதிலும் தோற்காத, பார்த்தவர்களெல்லாம் மயங்குகிற ஜேம்ஸ் பாண்டுக்கு மட்டும் இந்த மாதிரி ஒரு பட்டப்பெயர் இந்த அளவுக்கு ஒட்டவில்லை.

இணையம் வந்ததும் வேகம் கூடியது. ஃபேன்ஃபிக்ஷன்.நெட் 1998-ல் தொடங்கியது. அதுவரை ரசிகர் இதழ் என்றால் ஓர் ஆசிரியர் இருப்பார், கதையைத் திருத்துவார், சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார். குறை சொல்கிற வேலை அச்சுக்கு முன்னாடியே, இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். இப்போது யார் வேண்டுமானாலும் நேராக ஏற்றலாம். ஆசிரியர் செய்த வேலை வாசகர் கைக்கு வந்தது, அதுவும் கதை வெளியான பிறகு, எல்லார் முன்னாலும். சிலர் அதை அக்கறையாகச் செய்தார்கள். சிலருக்கு அது விளையாட்டாகிவிட்டது. மோசமான ரசிகர் கதைகளுக்குள் புகுந்து மேரி சூக்களைக் ‘கொல்லும்’ உளவாளிகளைப் பற்றி 2002-ல் ஒரு கேலிக்கதை வரிசை தொடங்கி, அதற்கே ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. மட்டமான கதைகளைத் தேடிப் பிடித்து வரி வரியாகப் பிய்த்துப் போடுவதற்கென்றே லைவ்ஜர்னலில் குழுக்கள் இருந்தன. அங்கே பிய்க்கப்பட்ட கதைகளை எழுதியவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இதையெல்லாம் செய்தவர்களிடம் கேட்டால், பலரும் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஒன்றுதான்: ‘நல்லதுக்குத்தான் சொல்றோம்.’

ஆக, இன்றைக்கு ‘கான்கிரிட் வேண்டாம்’ என்று எழுதுகிற பிள்ளையைத் தொட்டாற்சிணுங்கி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பழைய காயத்தின் ஞாபகம் என்பதுதான் என் கட்சி. அந்தப் பிள்ளைக்கு நேரடியாக அடி விழுந்திருக்காது. அடி வாங்கினவர்கள் சேர்ந்து ஏற்படுத்திய பழக்கவழக்கத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும். தளங்களின் பொத்தான்களிலேயே இந்த மாற்றம் தெரிகிறது. ஃபேன்ஃபிக்ஷன்.நெட்டில் கதைக்குக் கீழே வாசகர் எழுதுவதற்குப் பெயர் ‘ரிவ்யூ’. மதிப்பிடு என்று பொத்தானே சொல்கிறது. ரசிகர்களே நடத்தும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே அதற்குப் பெயர் ‘கமெண்ட்’. கூடவே ‘கூடோஸ்’ என்று ஒரு பொத்தான். ஒரு கதைக்கு ஒருவர் ஒரு தடவைதான் அழுத்தலாம், அதற்கு எதிர்ப் பொத்தான் கிடையாது. கைதட்டலாம், இல்லையென்றால் சும்மா போகலாம். ஒரு சமூகம் தன் பட்டறிவைச் சட்டமாக எழுதாமல் பொத்தானாக வைத்துக்கொண்டது.

நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே நக்கீரரை இழுத்துக்கொண்டு வருவார்கள். இறைவனே ஆனாலும் குற்றத்தைக் குற்றம் என்றாரே! சரிதான். ஆனால் அந்தப் பாட்டு எதற்கு வந்தது என்று பாருங்கள். பாண்டியன் பொற்கிழி அறிவித்திருந்தான், தருமி பரிசு கேட்டுச் சபைக்கு வந்தான். மதிப்பிடத்தான் அந்தச் சபையே உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் வைகைக் கரையில் தருமி தனக்குத்தானே பாடிக்கொண்டு போகும்போது நக்கீரர் வழிமறித்துப் பொருள்குற்றம் சொல்லியிருந்தால், அதைத் தைரியம் என்றா சொல்வோம்?

இதுவரை படித்துவிட்டு நான் முழுக்க இரண்டாவது கட்சி என்று நினைக்க வேண்டாம். ‘இலவசமாத் தர்றோம், அதனால குறை சொல்லாதே’ என்ற வாதம் எனக்கு நிற்கிற மாதிரித் தெரியவில்லை. அன்னதானத்திலும் சாம்பாரில் உப்பு கூடினால் கூடினதுதான். பந்தியில் எழுந்து நின்று கத்துவதுதான் தப்பு. பரிமாறுகிறவர் காதில் சொன்னால் அடுத்த பந்திக்காவது உதவும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரசிகர் புனைவே விமர்சனத்தில் பிறந்த கலை. மூலக்கதையில் செத்தவரைப் பிழைக்க வைப்பது, அவசரமாக முடித்த முடிவைத் திருத்தி எழுதுவது, இதற்கென்றே ‘ஃபிக்ஸ்-இட்’ என்று ஒரு வகை உண்டு. ரௌலிங்கையும் மார்வெலையும் கேட்காமலே திருத்துகிறவர்கள், விமர்சனம் என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாக்க முடியாது. பெரிய நிறுவனமும் ஒரு தனி ஆளும் ஒன்றா என்றால், இல்லை. அதனால் சொல்கிற விதம் மாறும். சொல்லவே கூடாது என்று ஆகாது.

அப்படி ஆக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2009 சாட்சி. அந்த வருஷத் தொடக்கத்தில் அறிவியல் புனைவு, மிகைப்புனைவு எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் நடுவில் லைவ்ஜர்னலில் மாதக்கணக்கில் ஒரு வாக்குவாதம் நடந்தது. பிற்பாடு அதற்கு ரேஸ்ஃபெயில் என்று பெயர் வந்தது. வேற்று இன, வேற்றுப் பண்பாட்டு மனிதர்களைக் கதையில் எப்படி எழுதுகிறீர்கள் என்று கறுப்பின, ஆசிய வாசகர்கள் கேட்டார்கள். கேள்விக்குப் பதில் வந்ததைவிட, கேட்ட தொனி சரியில்லை என்ற புகார்தான் அதிகம் வந்தது. ‘டோன் ஆர்க்யுமென்ட்’ என்ற சொல்லைப் பல ரசிகர்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான். பதினாலு வயசுப் பிள்ளையின் முதல் கதையைக் காப்பாற்ற உண்டான மரியாதை, இனவெறிச் சித்திரம் ஒன்றுக்கும் அப்படியே குடை பிடித்தது. 2020-ல் ஆர்க்கைவை நடத்தும் அமைப்பு இனவெறி பற்றிச் சில வாக்குறுதிகள் கொடுத்தது. அவற்றை நிறைவேற்றச் சொல்லி 2023 மே மாதம் ரசிகர்களே ஓர் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

‘இரண்டாம் அத்தியாயத்துல நடை தொய்யுது’ என்பதும், ‘இந்தக் கதையில எங்க ஜனங்க வேலைக்காரங்களா மட்டும்தான் வர்றாங்க’ என்பதும் ஒரே வகைப் பேச்சு இல்லை. முதலாவது எழுதுகிறவரின் கைவேலை பற்றியது, அவர் கேட்டால் சொல்லலாம். இரண்டாவது, வாசிக்கிற இன்னொருவருக்கு நேர்வது பற்றியது. அதைச் சொல்ல யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கைவேலைக்கே வருவோம். கான்கிரிட் என்ற பெயரில் வழக்கமாக வருகிற பின்னூட்டத்தின் அச்சு இப்படி இருக்கும்: ‘அருமையான கரு! ஆனா பாத்திரங்கள் மூலத்துல இருக்கிற மாதிரி இல்ல, உரையாடலும் செயற்கையா இருக்கு. தொடர்ந்து எழுதுங்க, நல்லா வருவீங்க!’ இரண்டு பாராட்டுக்கு நடுவில் ஒரு குறையைச் செருகியாயிற்று, மரியாதையாகத்தானே இருக்கிறது? ஆனால் இதை வைத்துக்கொண்டு எழுதினவர் என்ன செய்ய முடியும்? எந்தப் பாத்திரம், எந்த வரி? ஒன்றும் இல்லை. ‘நல்லா வருவீங்க’ என்பதில் இன்னும் வரவில்லை என்ற தீர்ப்பு இருக்கிறது. இதைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த தடவை யாராவது மனசார ‘அருமை’ என்று சொன்னாலும் பின்னாலே வரப்போகிற ‘ஆனா’-வுக்காக எழுத்தாளர் காத்திருப்பார். பேச்சு எழுத்தாளரைப் பார்த்து, தீர்ப்பு கூட்டத்துக்கு. அதனால்தான் அது குத்துகிறது.

இதையே, ‘ஹோம்ஸ் கடிதத்தைப் பற்றிச் சொல்றதுக்கு முன்னாடியே மூணாம் அத்தியாயத்துல வாட்சனுக்கு அது தெரிஞ்சிருக்கே, ஏன்?’ என்று கேட்டால் ஒரு மதிப்பீடும் இல்லை. கவனமாக வாசித்த ஒருவரின் கேள்வி மட்டும் இருக்கிறது. இதையும் வெளியாவதற்கு முன்னால், தனியாகச் சொன்னால் இன்னும் உபயோகம். அந்த வேலைக்கு ரசிகர் உலகத்தில் ஏற்கெனவே ஆள் உண்டு, பீட்டா ரீடர் என்று பெயர். எழுத்தாளர் தானே தேர்ந்தெடுத்தவர், வரைவு ஈரமாக இருக்கும்போதே வாசிக்கிறவர். அவர் சிவப்பு மையில் பக்கத்தையே நிரப்பினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கதை முடிவில் பெயர் போட்டு நன்றி சொல்கிறார்கள். கான்கிரிட் வேண்டாம் என்று மேலே குறிப்புப் போட்ட அதே எழுத்தாளர், கீழே பீட்டாவுக்கு நன்றி சொல்வதையும் பார்க்கலாம். முரண்பாடு மாதிரித் தெரியும். யாரிடம், எப்போது என்று பார்த்தால் முரணே இல்லை.

அப்போ வாசகர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? வேண்டாம். குறையைப் பற்றி மற்ற வாசகர்களிடம் பேச வேண்டும் என்றால் ஸ்மித் செய்த மாதிரி தனியாக எழுதலாம், ஒரு பழக்கத்தைப் பற்றி, ஒரு போக்கைப் பற்றி, ஒரு சின்னப் பிள்ளையைக் கைகாட்டாமல். கதைக்குக் கீழே எழுதுவதென்றால் என்ன பிடித்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். ‘சூப்பர்’ என்பதைவிட, ‘அந்தக் கதவை அவன் சாத்தாமப் போனது மனசுல நிக்குது’ என்பது எழுத்தாளருக்குக் கற்றுக்கொடுக்கும். எது வேலை செய்தது என்று தெரிந்தால், செய்யாதது எது என்று அவரே கண்டுபிடிப்பார். எல்லாரும் கூடோஸ் மட்டும் அழுத்திவிட்டு நகர்ந்தால் அந்தத் தகவலும் போய்ச் சேராது. பாதியில் மூடிவிட்டுப் போன வாசகரின் காரணம் ஏதோ ஒரு மூடிய அரட்டைக் குழுவில் கேலியாக முடியும். எழுதினவருக்கு மட்டும் அது கடைசி வரை தெரியாது.

எழுத்தாளர்களுக்கும் ஒன்று. ‘இது என் முதல் கதை, ஆங்கிலம் என் தாய்மொழி இல்லை, அடிக்காதீங்க’ என்று மேலே போடுகிற குறிப்பு நமக்குத் தெரிந்த அவையடக்கம்தான். பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை என்று கம்பரே தன்னைச் சொல்லிக்கொண்டார், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் ‘கான்கிரிட் வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதற்குப் பதில் ஒரு கேள்வியை வையுங்கள். சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிந்ததா? முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதா? அந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில் உங்களைக் குத்தாது, நீங்களே கேட்டது. மற்றதைச் சொல்ல ஆசைப்படுகிற வாசகருக்கும் எல்லை எதுவென்று தெரிந்துவிடும்.