எண்ணும் பெயரும்: சுஜாதாவின் ஜீனோ புதினங்களும் மும்பைத் தமிழ் வாசிப்பும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய இரு புதினங்களும் 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதைகளாக வெளிவந்தவை. எதிர்காலத்தைக் கொடுங்கனவாகக் காட்டும் புனைவுகளுள் தமிழ் இளையோர் மிகுதியாகப் படித்தவை இவையே எனலாம். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆசிரியர் எதனை எவ்வளவு சரியாகக் கணித்தார் என்ற வினாவோடு நின்றுவிடுகின்றது. கதை காட்டிய எதிர்காலம் 2020களின் தொடக்கம், அதுவும் கடந்துவிட்டது. இனி அவ்வினாவால் பெரும்பயன் இல்லை. புதினத்தின் அச்சம் எது, அவ்வச்சம் யாருடையது என்பதே இன்று கேட்கத்தக்கது.

ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் குடிமக்களுக்கு எண் உண்டு. பெயர் சுருக்கமாக இருத்தல் வேண்டும். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என முதன்மை மாந்தர் அனைவரும் ஈரெழுத்துப் பெயரினர். இயந்திர நாயாகிய ஜீனோவின் பெயரும் ஈரெழுத்தே. பெயரளவில் குடிமகனுக்கும் கருவிக்கும் வேறுபாடு இல்லாத நிலையை ஆசிரியர் விளக்கவுரை ஏதுமின்றி உணர்த்திவிடுகின்றார். ‘ஜீவா’ என்னும் பெயரின் பொருள் உயிர் என்பதும் எண்ணத்தக்கது. அத்தலைவர் வெறும் ஒளியுரு என்பது பின்னர் வெளிப்படுகின்றது. உயிர் என்னும் பெயர் தாங்கியவரிடம் உயிர் இல்லை. இயந்திரமோ நூல்களைப் படித்துப் படித்து உயிர்ப்பண்பை எய்துகின்றது.

தமிழ் மரபில் எந்திரம் புதியதன்று. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க ஏவப்படும் எந்திர யானையும், சீவக சிந்தாமணியில் அரசியைச் சுமந்து பறக்கும் மயிற்பொறியும் அறியப்பட்டவை. முன்னது வஞ்சத்தின் கருவி. பின்னது காக்கும் கருவி. சுஜாதாவிடத்தில் ஒளியுருவாகிய ஜீவா எந்திர யானையின் வழியினர். ஜீனோ மயிற்பொறியின் வழித்தோன்றல். ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகிற்களித்த செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் எந்திரங்கள் மனித இனத்திற்கு எதிராகக் கிளர்கின்றன. சுஜாதாவின் எந்திரம் கிளர்வதில்லை. நகைச்சுவையோடு உடன் நிற்கின்றது. அச்சம் முழுவதும் அரசின்மீதே குவிகின்றது.

இவ்விடத்தில் மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதி 1997இல் கிரேக்க நாட்டின் ஓனாசிஸ் பரிசைப் பெற்ற ‘ஹார்வெஸ்ட்’ நாடகத்தை ஒப்புநோக்குதல் பயன் தரும். அதன் களம் 2010ஆம் ஆண்டின் மும்பை. ஒற்றை அறைக் குடியிருப்பு. வேலையிழந்த ஓம் என்பவன் தன் உடலுறுப்புகளை வெளிநாட்டுச் செல்வர்க்கு விற்க ஒப்புகின்றான். அறையின் நடுவே தொங்கும் கருவியின் திரையில் ஜின்னி என்னும் வெளிநாட்டுப் பெண் தோன்றி வீட்டை ஆள்கின்றாள். அவளும் கணினி ஆக்கிய மாய உருவே என்பது இறுதியில் தெரியவருகின்றது. ஆள்வோர் திரையில் மட்டுமே உள்ளனர் என்ற கருத்தில் இரு படைப்புகளும் தம்முள் தொடர்பின்றியே ஒன்றுபடுகின்றன. குழந்தைப்பேறு பிறர் ஆணைக்கு உட்படுவதை இரண்டுமே ஒரு பெண்ணின் வழியே நிகழ்த்துகின்றன. ஆயின் ஜெயாவுக்குத் துணையாக ஒரு ஜீனோ இல்லை. தன் சாவைத் தானே தேர்வேன் என்று கதவைத் தாழிட்டுக்கொள்வதே அவளுக்கு எஞ்சிய வலிமை. இயந்திரத்தின் அன்பை நம்பும் சுஜாதாவின் உலகம் இதன்முன் சற்றே எளிதாகத் தோன்றுவது இயல்பு.

மும்பையில் வாழும் தமிழர் ஒரே வாசகக் கூட்டத்தினர் அல்லர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்ககங்களில் வாழும் அலுவலர் குடும்பத்து இளைஞர்க்கு, எண்ணாகச் சுருங்கிவிடுவோமோ என்னும் நிலாவின் அச்சம் எளிதில் விளங்கும். தாராவியில் நிலைமை வேறு. அங்கே எண் இடப்படுதல் அச்சத்திற்குரியதன்று. எண் கிடைக்காமையே அச்சத்திற்குரியது. 1976இல் மும்பைக் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு, ஒளிப்பட அட்டைகள் வழங்கப்பட்டன. அதே ஆண்டில், நெருக்கடி நிலையின்போது, அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. தமிழரும் பெருமளவில் வாழ்ந்த அக்குடியிருப்பின் ஏறத்தாழ 70,000 மக்கள் சீத்தா கேம்ப் பகுதிக்கு மாற்றப்பட்டனர். அறிவியலின் பெயரால் அமைந்த வளாகத்தின் அருகிலேயே இது நிகழ்ந்தது என்பதை அறிவியல் புனைகதை ஆய்வாளர் கருத்திற்கொள்ளுதல் நலம்.

தாராவி மறுகட்டமைப்பிற்காக வீடுதோறும் எண்ணிடும் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை மெய்ப்பிப்போர்க்குத் தாராவியிலேயே இலவச வீடு. ஏனையோர்க்கு நகரின் பிற பகுதிகளில் என்பது வகுக்கப்பட்ட நெறி. மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கும் தையல் தொழிலாளி, எண்ணப்படுவதை எவ்வாறு வெறுப்பார்? ஜனதா காலனிப் போராட்டத்தை வழிநடத்திய ஜோக்கின் அற்புதம், பின்னர்க் குடிசைவாழ் மக்கள் தம்மைத் தாமே கணக்கெடுக்கும் முறையை இயக்கமாக வளர்த்தார். 2000இல் மகசேசே விருதும் பெற்றார். எண்ணிக்கை அங்கே ஆள்வோரின் கையிலிருந்து பறித்த கருவி. ஜீவாவின் எதிர்ப்பாளர்களாகிய ரவிக்கும் மனோவுக்கும் இந்த வழி தோன்றுவதே இல்லை. அவர்கள் சதியை நம்புகின்றனர். நிலாவை அரசியாக்கி, அவள் பெயரால் தாமே ஆள முனைகின்றனர்.

இப்புதினங்களின் வீடுகள் ஒதுக்கீடு பெற்றவை. ரவியும் அரசின் ஒதுக்கீட்டின் பேரிலேயே நிலாவின் வீட்டிற்குக் குடிவருகின்றான். ஒதுக்கீட்டிற்கு வெளியே நிற்போரின் கதையைச் சுஜாதா மையப்படுத்தவில்லை. இது குறையே. எனினும் அவர்களுக்குரிய இடம் புதினத்தில் அறவே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. அவ்வீட்டில் குடிமகன் என்னும் தகுதியின்றி வாழும் உயிர் ஒன்று உண்டு. அது ரவியின் உடைமையாக உள்ளே வருகின்றது. எல்லார்க்கும் முன்பாக ஆபத்தை உணர்கின்றது. வேண்டாதபோது அதனைப் பிரித்துப்போட்டால் எச்சட்டத்திலும் குற்றமாகாது. நடுத்தர வாசகர் நிலாவிடம் தம்மைக் காண்பர். தகுதிப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் தாராவி வாசகர் தம்மைக் காணும் இடம் ஜீனோவே.