முரசு கொட்டியவன் யார்? முன்னே நின்றவன் யார்?

போரைப் பழித்தால் வீரனைப் பழித்ததாகும் என்பர் சிலர். கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கும்; எண்ணிப் பார்த்தால் இற்றுவிழும்.

2014 நவம்பர் 11ஆம் நாள். வாஷிங்டன் நகரில் படைவீரரைப் போற்றும் பெருவிழா. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டேவ் குரோல், சாக் பிரவுன் ஆகிய மூவரும் மேடையேறிப் பழைய ராக் பாட்டொன்றைப் பாடினர். பதறினர் சிலர்! வீரரைப் போற்றும் மேடையிலே போரைச் சாடும் பாட்டா என்று சினந்தனர்.

அந்தப் பாட்டு, 1969இல் வெளிவந்த 'ஃபார்ச்சுனேட் சன்'. பேறுபெற்ற பிள்ளை என்பது பொருள். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஜான் ஃபோகர்டி எழுதிப் பாடியது. யார் இந்த ஃபோகர்டி? சீருடையின் சுமை அறியாதவரா? அல்லர். 1966இல் படைச்சேர்ப்பு ஆணை வந்தபோது, தரைப்படையின் துணைப்படையில் சேர்ந்து பணியாற்றியவர். போர்முனையை அவர் காணவில்லை, கண்டவரோடு பழகியவர்.

பாட்டு, வீரனை நோக்கி ஒரு சுடுசொல்லும் வீசவில்லை. செல்வாக்குள்ள வீட்டிலே பிறக்காதவன் அதில் பேசுகிறான். கொடியைக் கண்டதும் கசிந்துருகி, படைக்கு மட்டும் பிறர் பிள்ளையை அனுப்புகிறவனையே அது சுட்டுகிறது. வரி கட்டும் நாளில் வறியவன் வேடம் பூணும் செல்வனையும் விடவில்லை. அந்நாளில் கல்லூரியில் பயில்வோனுக்குப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்கு உண்டு; ஆலையில் உழைப்போனுக்கு அந்த வாயில் ஏது? 1964 முதல் 1973 வரை கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர்! மாண்ட அமெரிக்க வீரர் 58,000க்கும் மேல்.

1968இல் ஐசனோவரின் பேரனுக்கும் நிக்சனின் மகளுக்கும் நடந்த திருமணம் தம் நெஞ்சிலே இருந்தது என்றார் ஃபோகர்டி. அந்தப் பேரன் பின்னாளில் கடற்படையில் பணிபுரிந்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆள் தவறியது, அம்பு தவறவில்லை.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். கல்லூரிப் படிப்பைக் காட்டி நான்கு முறையும் கால் எலும்பைக் காட்டி ஒரு முறையும் விலக்குப் பெற்றவர் டொனால்டு டிரம்ப். 2020இல் அவருடைய தேர்தல் கூட்டத்திலே முழங்கியது எந்தப் பாட்டு? இதே பாட்டு! நிறுத்துக என்று எழுத்து மூலம் எச்சரித்தார் ஃபோகர்டி. எவரைச் சாடுகிறதோ அவரே தாளம்போடும் நிலை, தாளத்தின் துள்ளல் சொல்லின் சூட்டை மூடிவிடுவதால் வருவது. அது பாட்டின் குறையா, கேட்போர் குறையா? கேட்போர் குறை என்றே சொல்வேன். பாட்டு வெளிப்படையாகத்தான் பேசுகிறது.

பாட்டின் உண்மையான குறை வேறு. இரண்டரை நிமிடமும் நீளாத அப்பாடலில் வியத்நாம் என்ற சொல்லே இல்லை. அனுப்பியவன் இருக்கிறான், அனுப்பப்பட்டவன் இருக்கிறான். யார் வயலிலே குண்டு விழுந்ததோ, அந்த உழவனும் அவன் பிள்ளையும் அதில் இல்லை.