தாளும் பெயரும்: சாலமன் நார்த்தப்பின் தன்வரலாற்றில் விடுதலைப் போராட்டம்

முன்னுரை

அமெரிக்க அடிமைகளின் தன்வரலாறுகளுள் பெரும்பாலானவை, அடிமையாகப் பிறந்த ஒருவர் விடுதலையை நோக்கித் தப்பிச் சென்ற வரலாற்றைக் கூறுவன. 1853ஆம் ஆண்டு வெளிவந்த சாலமன் நார்த்தப்பின் 'பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அடிமை' என்னும் நூல் இம்மரபினின்று வேறுபடுகிறது. நார்த்தப் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். 1841இல் கடத்தப்பட்டு லூசியானாவின் தோட்டங்களில் அடிமையாக்கப்பட்டவர். 1853 சனவரியில் மீட்கப்பட்டவர். எனவே, அவர் நடத்தியது இழந்த விடுதலையை மீட்கும் போராட்டமாகும். இந்நூலை ஆராய்ந்தோர் பலர் அதிற் காணப்படும் கொடுமைகளையே முதன்மைப்படுத்தியுள்ளனர். அப்போராட்டம் சாட்டைக்கும் உடலுக்கும் இடையே நிகழ்ந்ததைப் போன்றே எழுத்துக்கும் அழிப்புக்கும் இடையேயும் நிகழ்ந்தது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

பறிக்கப்பட்ட தாள்

நார்த்தப்பின் தந்தை மின்டஸ், தம் உரிமையாளரின் இறுதி விருப்ப ஆவணத்தின் வாயிலாக விடுதலை பெற்றவர். பின்னாளில் வாக்குரிமைக்குத் தேவையான அளவு சொத்தும் ஈட்டியவர். ஆகவே, இக்குடும்பத்தின் விடுதலை தொடக்கத்திலேயே ஓர் ஆவணத்தைச் சார்ந்திருந்தது. சரடோகாவில் மனைவி, மூன்று பிள்ளைகளுடன் வாழ்ந்து, வயலின் வாசித்தும் பிற தொழில்கள் செய்தும் பொருளீட்டிய நார்த்தப்பை, இசை நிகழ்ச்சிக்கு ஆள் தேடுவதாகக் கூறி இருவர் அழைத்துச் சென்றனர். நியூயார்க் நகரில் சுதந்திர மனிதர் எனச் சான்றளிக்கும் தாள்களைப் பெற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தியவர்களும் அவர்களே. வாஷிங்டனில் மயக்கம் தெளிந்து விலங்குடன் கண்விழித்தபோது சட்டைப்பையில் பணமும் இல்லை; தாள்களும் இல்லை. அவர் அடைக்கப்பட்டிருந்த கொட்டடி நாடாளுமன்றக் கட்டடத்தின் பார்வைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது.

தாம் சுதந்திர மனிதர் என்று அவர் கூறுந்தோறும் அடி விழுந்தது. அவ்வடியின் நோக்கம் தண்டனை மட்டுமன்று. அக்கூற்றை அவர் வாயினின்றே நீக்குவதும் ஆகும். நியூ ஓர்லியன்ஸில் அவருக்குப் 'பிளாட்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. தாள் கவரப்பட்டது, பேச்சு அடக்கப்பட்டது, இறுதியில் பெயரும் மாற்றப்பட்டது. சுதந்திர மனிதர் ஒருவர் விற்பனைப் பொருளாக்கப்படும் முறையை இம்மூன்று படிகளில் நூல் தெளிவுறக் காட்டுகிறது.

உயிரைக் காத்த அடமானம்

அவரை வாங்கிய வில்லியம் ஃபோர்டு என்பாரை நார்த்தப் நல்லவராகவே சித்திரிக்கிறார். இருப்பினும், பணமுடை நேர்ந்தபோது அந்நல்லவரும் அவரை டிபீட்ஸ் என்னும் தச்சனுக்கு விற்றுவிடுகிறார். விலை முழுவதும் தீராத நிலையில் 400 டாலருக்கு நார்த்தப்பின் மீது அடமான உரிமை ஃபோர்டிடமே தங்கிவிடுகிறது. சினங்கொண்ட டிபீட்ஸ் நார்த்தப்பைத் தூக்கிலிட முனைந்தபோது மேற்பார்வையாளர் தடுத்து நிறுத்துகிறார். அவர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று இவ்வடமானம். அவர் உயிரோடு இருத்தல், மனிதர் என்பதால் அன்றி, தீராத கடனுக்கு ஈடு என்பதாலேயே வலியுறுத்தப்பட்டது. அடிமை முறையின் இயல்பை இதனினும் தெளிவாக உணர்த்தும் பகுதி நூலில் வேறில்லை எனலாம். தனிமனிதரின் நற்குணம் அம்முறையைத் திருத்தவியலாது என்பதும் இங்குப் புலனாகிறது.

மூன்று மடல்கள்

நூலின் கதைப்போக்கை மூன்று மடல்கள் தாங்கி நிற்கின்றன. முதல் மடல், கப்பலில் இரக்கங்கொண்ட மாலுமி ஒருவரின் உதவியால் எழுதப்பட்டது. அது நியூயார்க்கைச் சென்றடைந்தது. ஆனால், தாம் எங்குக் கொண்டுசெல்லப்படுகிறார் என்பதை எழுதியவரே அறியாமையால் அதனால் பயன் விளையவில்லை.

இரண்டாம் மடல், எட்வின் எப்ஸ் என்பவரின் பருத்தித் தோட்டத்தில் எழுதப்பட்டது. நூலையோ எழுதுகோலையோ கையிற் கண்டால் நூறு சாட்டையடி என்று எப்ஸ் முன்னரே எச்சரித்திருந்தான். ஒரு தாள் கிடைப்பதற்கே நார்த்தப் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மரப்பட்டையைக் காய்ச்சி மையும், வாத்தின் சிறகினால் எழுதுகோலும் செய்துகொண்டு, ஏனையோர் உறங்கிய பின் அடுப்புத்தணலின் ஒளியில் அவர் எழுதினார். அஞ்சலிற் சேர்க்குமாறு அவர் நம்பி நாடிய வெள்ளையர் எப்ஸிடம் காட்டிக்கொடுத்துவிட்டார். தாளும் மையும் இல்லாத தாம் எங்ஙனம் எழுதவியலும் என்று வினவி நார்த்தப் தப்பினார். பின்னர் அம்மடலைத் தாமே தீயிலிட்டார். எழுத்தே விடுதலைக்கு வழி என்று நம்பியவர், உயிர் பிழைக்கும்பொருட்டுத் தம் எழுத்தைத் தாமே எரிக்க நேர்ந்த இவ்விடம் நூலின் உச்சமாகும்.

மூன்றாம் மடலை 1852 ஆகஸ்டில் அவர் பொருட்டு எழுதியவர் கனடாவைச் சேர்ந்த தச்சர் சாமுவேல் பாஸ். கடத்தப்பட்ட சுதந்திரக் குடிமக்களை மீட்பதற்கு நியூயார்க் மாநிலம் 1840இல் இயற்றிய சட்டத்தின்படி, ஆளுநர் வழக்கறிஞர் ஹென்றி நார்த்தப்பை முகவராக நியமித்தார். இவர், சாலமனின் தந்தையை முன்பு அடிமையாக வைத்திருந்த குடும்பத்தைச் சார்ந்தவர். லூசியானாவை அடைந்தும் அவரால் உடனே தேட இயலவில்லை. ஏனெனில், சாலமன் நார்த்தப் என்னும் பெயரை அங்கு அறிந்தோர் இலர். பிளாட் என்னும் பெயரைப் பாஸ் வெளிப்படுத்திய பின்னரே வழி திறந்தது. தாள் வந்துசேர்ந்த பின்னும் பெயர் தடையாக நின்றமை ஈண்டு எண்ணத்தக்கது.

தாளில்லாதோர்

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகிறது. 'நான் சுதந்திரமாகப் பிறந்தவன்' என்பதே நார்த்தப்பின் வாதமாயின், அவ்வாறு பிறவாதோரின் நிலை யாது? இந்நூல் அடிமை முறையை எதிர்க்கிறதா, ஆள்மாறாட்டத்தை மட்டும் எதிர்க்கிறதா?

இதற்கான விடை பேட்ஸி என்னும் பெண்ணின் வாயிலாகக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஒருவர் 200 இராத்தல் பருத்தி பறிக்க வேண்டும் என்பது வழக்கமாயிருக்க, அவள் 500 இராத்தல் பறிக்கும் திறனுடையவள். அத்திறன் அவளைக் காக்கவில்லை. எசமானியம்மாள் தர மறுத்த சவர்க்காரத்தை அயல் தோட்டத்தில் பெற்றுவரச் சென்றதற்காக அவள் கட்டிவைத்து அடிக்கப்பட்டாள். அடிக்குமாறு பணிக்கப்பட்டவர் நார்த்தப். தாம் சாட்டையை ஏந்தியதை அவர் மறைக்கவில்லை. விடுதலை பெற்றுப் புறப்படும் வேளையில் அழுது நின்ற பேட்ஸிக்கு அளிக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆளுநரின் ஆணை ஒருவருக்கு மட்டுமே உரியது. தம் வெற்றியைக் கூறும் இடத்திலேயே அவ்வெற்றியின் போதாமையையும் பதிவு செய்வதால், தனியொருவரின் முறையீடு என்னும் எல்லையை இந்நூல் கடந்து நிற்கிறது.

இந்நூலைச் செப்பமாக்கியவர் டேவிட் வில்சன் என்னும் வெள்ளையர். ஆகவே, குரல் யாருடையது என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. சில இடங்களில் காணப்படும் அலங்கார நடை அவருடையதாக இருத்தல்கூடும். ஆயினும், பருத்தி நிறுத்தலும் கரும்பு காய்ச்சலும் செய்து அறிந்தவருக்கே வாய்க்கும் நுட்பத்துடன் கூறப்பட்டுள்ளன. 1968இல் சூ ஈக்கின், ஜோசப் லாக்ஸ்டன் ஆகியோர் பதிப்பித்த ஆய்வுப்பதிப்பு, உள்ளூர் ஆவணங்களோடு ஒப்பிட்டு நூற்செய்திகளின் நம்பகத்தன்மையை உறுதிப்படுத்தியது.

முடிவுரை

2013இல் வெளிவந்த திரைப்படத்தால் இந்நூல் புதிய வாசகரைப் பெற்றது. தோட்ட வாழ்வை இலக்கியமாக்கிய மலேசியத் தமிழரிடையே இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 1910 வரை மலாயாவில் நீடித்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் முறையும் துயர் நிறைந்ததே. ஆனால், அத்தொழிலாளியைக் கட்டியது அவர் பெயர் பொறித்த ஒப்பந்தத் தாள். நார்த்தப்பைக் கட்டியதோ தாள் பறிக்கப்பட்டமை. இரண்டையும் 'அடிமை' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது இரு துயரங்களையும் சரிவர உணராமைக்கு இடந்தரும்.

மீட்கப்பட்ட நார்த்தப், தம்மை விற்ற வணிகன்மீது வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தார். கறுப்பினத்தவர் என்பதால் அவருடைய சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை, வணிகன் விடுவிக்கப்பட்டான். அதே ஆண்டில் நூல் வெளிவந்தது. நீதிமன்றம் கேட்க மறுத்த சாட்சியமே இந்நூல். முதல் மூன்று மடல்களின் வரிசையில் வைத்து நோக்கின், இதுவே அவருடைய நான்காம் மடல். இதில் அவர் தம் இழந்த பெயரை எழுதியதோடு, ஆவணம் எதுவும் காக்காத பேட்ஸியின் பெயரையும் எழுதிவைத்தார்.