ரதியின் வழக்கு

தண்டிக்கும் கையும் காக்கும் கையும் ஒன்றே என்பது சமய நூல்கள் பலவற்றுக்கும் பொதுவான கூற்று. கந்தபுராணத்துக் காமதகனக் கதையும் இதற்கு விலக்கன்று. தவத்தைக் குலைத்த மன்மதனைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். பின்னர் ரதியின் வேண்டுதலுக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி அவனை எழுப்புகிறார். தண்டனை அருளாகவே முடிந்ததென்று அடியார்கள் மனநிறைவு கொள்வர்.

அவ்வளவு எளிதில் மனநிறைவு கொள்ளாத சபை ஒன்றுண்டு. மாசி மாதத்தில் ஊவா உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில், லயத்து வாசல்களில் கூடிக் காமன் கூத்தைக் காணும் தொழிலாளர் சபையே அது. தமிழகத்திலிருந்து தேயிலை மலைக்கு வந்தோர் தம்மோடு கொண்டுவந்த கூத்து இது. கம்பம் நட்டுத் தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் வேடம் பூண்டு ஆடுவர். தேவலோகத்துத் தூதன் ஓலையோடு வருவான். போக வேண்டாமென்று ரதி தடுப்பாள், ஆணையை மீறவியலாது மன்மதன் போவான், எரிவான். அதன்பின் எழும் ரதியின் ஒப்பாரியே கூத்தின் உயிர்.

புராணத்தில் சிவனின் பெருமை மேலோங்கி நிற்கிறது. கூத்திலோ ரதியின் அழுகை மேலோங்குகிறது. இம்மாற்றத்தைப் பாமரரின் மிகையுணர்ச்சியென்று கற்றோர் சிலர் தள்ளிவிடுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சூரபன்மனின் கொடுமையினின்று தப்ப வேண்டியவர்கள் தேவர்கள். மன்மதனை ஏவியவர்களும் அவர்களே. ஆயினும் எரிந்தவன் ஏவப்பட்டவன். ஏவியவர் மேனியில் ஒரு தீப்பொறியும் விழவில்லை. பெரட்டில் நின்று பிறர் கட்டளைக்கு மலையேறிய மக்களுக்கு இந்நீதியின் கோணல் புரியாமலிருக்குமா? தஞ்சை வட்டாரத்து லாவணிக்காரர்கள் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பிரிந்து வாதிட்டதும் கடவுளின் தீர்ப்பை மனிதர் விசாரிக்கலாம் என்ற துணிவினால் அன்றோ?

இவ்விசாரணை வெறும் கலைச்சுவை பற்றியதன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டோர் பலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. இத்தகைய வேளைகளில் ‘தெய்வ குற்றம்’ என்றும், ‘ஆண்டவன் சித்தம்’ என்றும் குரல்கள் எழுவது வழக்கம். ஆனால் அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்குப் பின்னும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். போவதற்குச் சொந்த நிலமோ வீடோ அவர்களுக்கில்லை. இதைத் தெய்வத்தின் தீர்ப்பென்று சொல்வது, மனிதரின் பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் சுமத்துவதாகும்.

விவிலியத்திலும் இவ்வினா எழுந்ததுண்டு. சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டனர். அவர்கள் மற்றவரினும் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்ததாக லூக்கா எழுதுகிறார். சாவைக் கொண்டு குற்றத்தை அளக்கலாகாது என்பதில் அந்நற்செய்தியும் நம் கூத்தும் ஒன்றுபடுகின்றன.

கூத்தின் குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மன்மதனை எழுப்பியதும் ரதியின் வழக்கு முடிந்துவிடுகிறது. ஓலை அனுப்பியவரை எவரும் சபைக்கு அழைப்பதில்லை. மீரியபெத்தையில் மாண்டவர்களோ மூன்றாம் நாள் எழவில்லை. காமன் கூத்தைப் புதிதாக அரங்கேற்ற விரும்பும் மலையகக் கலைஞர்கள் ஒன்றைச் செய்யலாம். இறுதிக் காட்சியில் இந்திரனை மேடையேற்றி, ரதியின் கேள்விக்கு விடைசொல்ல வைக்கட்டும். அதனால் பக்திக்குக் குறைவு நேராது. தெய்வத்தின் மேல் விழுந்த பழியும் நீங்கும்.