ஏற்றாத விளக்கு

பழைய ஸ்காண்டிநேவியப் பித்தளைச் சுவர் விளக்குகளைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. புதிதாக ஒன்று வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்து முத்திரையைக் காட்டுவார். ஏற்றிக் காட்டியதில்லை. பழைய ஒயரை மாற்றினால் அசல் தன்மை போய்விடும் என்பது அவர் வாதம்.

இந்த ரசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்லாந்தின் பாவோ டைனெல் (1890–1973) பித்தளைத் தகட்டில் பொடித் துளைகள் இட்டார். அதை வெறும் அலங்காரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹெல்சிங்கியில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரமே நீடிக்கும். அங்கே துளை வழியே கசிந்து சுவரில் விழும் ஒளிப் புள்ளிகள்தாம் படைப்பு. பித்தளை அதற்குக் கருவி. டென்மார்க்கில் பவுல் ஹென்னிங்சன் 1920களில் மூன்று மூடிகளை அடுக்கியதும் கண் கூசாத வெளிச்சத்துக்காகத்தான். இவர்கள் உலோகத்தை விற்கவில்லை. இருட்டுக்கு விடை தேடினார்கள். ஏற்றாத விளக்கில் அசலாக இருப்பது ஒயர் மட்டுமே.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "உங்கள் அலமாரியில் ஏடு பிரிக்காத முதற்பதிப்புகள் எத்தனை?" என்று கேட்டார்.

அன்றிரவு ஒன்றைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தேன். அவர் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகக் கேள்வி.