துப்பாக்கி பிடித்த கை

மான்குட்டிக்காக நம்மை அழவைத்த நாவலாசிரியர் தாமே மான் சுடுகிறவர் என்று தெரிந்தால், ஏமாந்துவிட்டதாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 1923-ல் ஜெர்மன் மொழியில் புஸ்தகமாக வந்த 'பாம்பி'யின் ஆசிரியர் ஃபீலிக்ஸ் ஸால்டன் வேட்டைக்காரர். நாவலின் பலமே அதுதான் என்று இப்போது சொல்வேன்.

வேட்டைக்காரர்களுக்கு ஒரு தர்மம் உண்டு: மானை மிரட்டாதே, ஒரே குண்டில் முடி. இதில் கருணையோடு ருசியும் கலந்திருக்கிறது. ஓடிக் களைத்து, தவித்துச் செத்த மானின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துவிடும். கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெடும். அமைதியாக மேயும்போது விழுந்த மானின் கறிதான் உயர்ந்தது.

ஸால்டன் இந்தத் தர்மத்தையே கூண்டில் ஏற்றுகிறார். பனியில் விழுந்த கோபோ என்ற குட்டியை மனிதன் எடுத்து வளர்க்கிறான். காடு திரும்பிய கோபோ, மனிதவாடை வந்தும் ஓடாமல் நிற்கிறது. நண்பன்தானே என்ற நம்பிக்கை! குண்டு பாய்கிறது. மிரளாத மான், விதிப்படி உத்தமமான இலக்கு. ஆனால் சுடப்பட்டது மான் மட்டுமா?

1942-ல் வந்த டிஸ்னி படத்தில் கோபோ இல்லை. மனிதன் கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே நாம் நிம்மதியாக அழுதுவிட்டு எழுந்து போகலாம். நாவல் அப்படி விடுவதில்லை. துப்பாக்கி பிடித்துப் பழகிய கை எழுதியது அல்லவா? கண்ணீர் போதாது, கூச்சமும் வேண்டும் என்று அது கேட்கிறது.