மங்கிய பெண் மீனைப் பாருங்கள்

விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்களைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் ஆண்களிடம்தான் போகும். ஓர் இனத்து ஆணுக்கு முதுகு சிவப்பு, விலா மஞ்சள். அதன் நெருங்கிய உறவான இன்னோர் இனத்து ஆணுக்கு நீலம் மின்னும் துடுப்பு. சிவப்பு மீனுக்குத் தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரேயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரசனை தொடங்க வேண்டிய இடம் பெண் மீன்.

இரண்டு இனத்துப் பெண்களும் மங்கிய நிறம். அருகருகே விட்டால் அடையாளம் காண்பதே கடினம். இவ்வினங்கள் கலந்தால் குஞ்சு பிறக்கும், அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து இனம் பெருக்கும். உடலளவில் தடையே இல்லை. ஏரியின் பாறைத் தீவுகள் பலவற்றில் அக்கம்பக்கமாக வாழ்ந்தும் அவை கலந்துவிடாமல் இருப்பதற்குப் பெருங்காரணம் பெண்ணின் தேர்வு.

அதைக் காணப் பொறுமை வேண்டும். பெண் நெருங்கியதும் ஆண் பக்கவாட்டில் திரும்பி, துடுப்பை விரித்து, உடல் அதிரக் காட்டும். பிறகு தன் பாறை இடுக்குக்கு அழைக்கும். அப்போது பெண்ணைக் கவனியுங்கள். பின்தொடர்கிறதா, பாதியில் விலகுகிறதா? அந்த விலகலில்தான் இரண்டு இனங்களும் தனித்தனியாக நிற்கின்றன. இயற்கையில் இதைவிட மெல்லிய வேலியை நான் அறியேன்.

அடுத்து வெளிச்சம். ஏரி நீரில் மிதக்கும் துகள்கள் நீல ஒளியை மட்டுப்படுத்துவதால், ஆழம் கூடக் கூட வெளிச்சம் செம்மஞ்சளாகிறது. நீல மீன் மேல்நீரில், சிவப்பு மீன் சற்று ஆழத்தில். ஆழத்து மீனின் கண் சிவப்பை நன்கு உணரும்படி மாறியிருப்பதை ஆய்வாளர் ஓலே சேஹவுசன் குழுவினர் 2008-இல் மரபணுச் சான்றோடு காட்டினார்கள். அதற்கு முன்பே நடந்த ஆய்வுகளில், செம்மஞ்சள் ஒளியால் ஆண்களின் நிற வேறுபாட்டை மறைத்ததும் பெண்கள் தம் இனத்து ஆணைத் தேடுவதை விட்டுவிட்டன.

ஏரியிலும் அதுவே நடக்கிறது. மாகோபே தீவருகே நீர் தெளிவு, இனங்கள் இரண்டு. லுவான்சோ தீவருகே கலங்கல். இரண்டும் கலந்த ஒரே கூட்டம். நிலத்திலிருந்து வரும் மண்ணும் சத்தும் ஏரியைக் கலக்கக் கலக்க, ஒரு மீனும் சாகாமலே ஓர் இனம் மறைந்துபோகலாம்.

வீட்டில் சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நெருங்கிய இனங்களை ஒரே தொட்டியில் விடாதீர்கள். பெண் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொட்டிக்கு வெள்ளை விளக்கையே போடுங்கள்.